பழைய கிட்டாரைக் கொடுத்து மேடைக் கிட்டார் வாங்குவது எப்படி? புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் இனிமையாக ஒலிக்கும் கிட்டார் மேடையிலும் அப்படியே ஒலிக்கும் என்ற நம்பிக்கையோடுதான் பெரும்பாலானோர் முதல் நிகழ்ச்சிக்குப் போகிறார்கள். மைக் செட் அண்ணன் ஒரு மைக்கைக் கொண்டுவந்து கிட்டாருக்கு முன்னால் நிறுத்துவார். டிரம்ஸ் ஆரம்பித்ததும் கிட்டார் சத்தம் காணாமல் போகும். கூட்டினால் ஸ்பீக்கரிலிருந்து 'கூ' என்று ஊளை கிளம்பும், உடனே குறைப்பார். பாட்டு முடியும்வரை நீங்கள் வாசித்தது உங்களுக்கே கேட்டிருக்காது.

அன்றைக்கு ராத்திரியே வரும் யோசனை, 'இதைக் கொடுத்துவிட்டு பிக்கப் வைத்த கிட்டார் ஒன்று எடுத்துவிடலாம்' என்பது. பிக்கப் என்றால் கிட்டாரின் அதிர்வை மின்சாரமாக மாற்றி, கேபிள் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும் சின்னக் கருவி. நல்ல யோசனைதான். நம் பக்கத்தில் அதற்கான தேவையும் இருக்கிறது. சர்ச் பாடகர் குழு, கல்லூரி பேண்ட், கல்யாண வரவேற்பில் மெல்லிசை, புதுச்சேரி கஃபேக்களில் மாலை நேர வாசிப்பு, 1982இல் பிரான்சில் தொடங்கி இங்கேயும் ஜூன் 21 அன்று கொண்டாடப்படும் இசை விழா என்று வாசிக்க இடங்கள் நிறைய. ஆனால் கடைக்குப் போனதும் பலர் பழக்கத்தில் செய்வது என்ன? புதுக் கிட்டாரை மடியில் வைத்து, ஜாக் எதுவும் செருகாமல், நான்கு கார்டு அடித்துப் பார்த்து 'சூப்பரா இருக்கு' என்று எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் வாங்கப்போவது ஸ்பீக்கர் வழியாகக் கேட்கப்போகும் கருவி. அதை ஸ்பீக்கர் வழியாகக் கேட்டுத்தான் வாங்கவேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் மற்ற எல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில்: மாற்றத்தான் வேண்டுமா?

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே இதை முடிவு செய்யுங்கள். கிட்டாரின் நடுவில் இருக்கும் வட்டத் துளையின் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மேல் பலகையில் தெரியும் மரக்கோடுகள் விளிம்பின் தடிமன் வழியாகவும் தொடர்ந்து இறங்கினால் அது ஒரே பலகை. கடைக்காரர்கள் 'சாலிட் டாப்' என்பார்கள். விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

சாலிட் டாப் கிட்டார், குரல் நன்றாகத் திறந்திருக்கிறது, கை நன்றாகப் பழகிவிட்டது என்றால் அதைக் கொடுக்காதீர்கள். எக்ஸ்சேஞ்சில் அதற்குரிய மதிப்பு கிடைப்பது அபூர்வம். அதற்குப் பதில் ஒரு பிக்கப் மாட்டிக்கொள்ளலாம். வட்டத் துளையில் கவ்வும் காந்தப் பிக்கப் இருக்கிறது. ஸ்குரூ டிரைவர் இருந்தால் நீங்களே மாட்டலாம், வேண்டாதபோது கழற்றிவிடலாம். இது ஸ்டீல் கம்பிகளுக்கு மட்டும்தான் வேலை செய்யும், நைலான் கம்பிக்கு ஆகாது. பலகையில் ஒட்டும் வகை விலை குறைவு, ஆனால் கை உரசும் சத்தம், தட்டும் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பும். சத்தமான மேடைக்கு ஒத்துவராது. மூன்றாவது, சேடிலுக்கு, அதாவது கம்பிகள் மேலே உட்காரும் மெல்லிய பட்டைக்கு, அடியில் வைத்து அதன் அழுத்தத்தை மின்சாரமாக்கும் பீசோ பிக்கப். இதற்கு கிட்டாரின் அடிப்பக்கம் துளை போடவேண்டும், சேடிலின் அடிப்பாகத்தைத் தேய்த்துச் சரிசெய்யவேண்டும். தெரிந்தவர் கையில் மட்டும் கொடுங்கள்.

அதே நேரம், கற்றுக்கொள்ளத் தொடங்கும்போது எடுத்த மிக மலிவான ஒட்டுப்பலகைக் கிட்டார் என்றால் கடையில் சொல்லும் தொகை மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். அதைச் சர்ச்சிலோ தெருவிலோ புதிதாகக் கற்க நினைக்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். உண்மையாகவே சொல்கிறேன், அந்தச் சில நூறு ரூபாயை விட அது பெரிய விஷயம்.

ஆக, எக்ஸ்சேஞ்ச் என்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கிட்டார்களுக்குத்தான் பொருத்தம். பேர் தெரிந்த கம்பெனி, ஒழுங்கான நிலைமை, திரும்ப விற்றால் வாங்க ஆள் இருக்கும் மாடல். யமஹாவின் எஃப்310 போல எல்லோருக்கும் தெரிந்த மாடல் என்றால் கடைக்காரர் அதிகம் யோசிக்கமாட்டார்.

கையில் இருப்பதைச் சரிபார்ப்பது

கடைக்காரர் எங்கே கை வைத்துப் பார்ப்பார் என்று தெரிந்திருந்தால் பேரத்தில் தடுமாறமாட்டீர்கள்.

முதலில் பிரிட்ஜ், அதாவது கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும், பலகையில் ஒட்டிய மரக்கட்டை. நம் ஊர்க் காற்றில் அதிகம் அடிபடும் இடம் அதுதான். ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஈரத்தில் பசை தளர்ந்தால் பிரிட்ஜின் பின்விளிம்பு மெல்லத் தூக்கும். ஒரு தாளின் ஓரத்தை அந்த விளிம்புக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் தூக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை கொஞ்சம் உப்பியிருப்பது சாதாரணம். கண்ணுக்கு மேடாகத் தெரியும் அளவுக்கு உப்பியிருந்தால் விலை இறங்கும்.

அடுத்து நெக். ஆறாவது கம்பியை, அதாவது தடித்த கம்பியை, முதல் ஃபிரெட்டிலும் பதினான்காவது ஃபிரெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். ஏழாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நெக் நன்றாக இருக்கிறது. அதை விட அதிகம் என்றால் நெக்கின் உள்ளே ஓடும் இரும்புத் தண்டான டிரஸ் ராடைக் கொஞ்சம் திருகிச் சரிசெய்யலாம், பெரிய குறை இல்லை. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தடித்த கம்பியின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர் சுற்றி இருப்பது வசதி. நான்கைத் தாண்டி, டிரஸ் ராடைத் திருகியும் இறங்கவில்லை என்றால் நெக்கின் கோணமே மாறியிருக்கும். அது செலவு பிடிக்கும் வேலை.

ஃபிரெட்களில் கம்பி பதிந்த பள்ளம், ட்யூனிங் கீ வழுக்குவது, பலகையில் விரிசல் எல்லாம் பார்ப்பார்கள். விரிசல் பாலிஷில் மட்டுமா மரத்திலுமா என்று தெரிய, உள்ளே கையை விட்டு அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள்.

கொடுப்பதற்கு முன் எதில் செலவு செய்யலாம்? கம்பி துருப்பிடித்திருந்தால் ஒரு புது செட் போடுங்கள். அந்தச் சின்னச் செலவு வீண் போகாது. துருப்பிடித்த கம்பியில் எந்தக் கிட்டாரும் செத்த மாதிரி ஒலிக்கும். ஸ்டிக்கர்களைப் பொறுமையாக உரித்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஃபிரெட் மாற்றுவது, மறுபடி பாலிஷ் போடுவது போன்றவற்றுக்குக் கொடுக்கும் பணம் எக்ஸ்சேஞ்சில் திரும்பி வராது. பில், பை, டிரஸ் ராடைத் திருகும் எல் வடிவச் சாவி எல்லாவற்றையும் தேடி ஒரே இடத்தில் வையுங்கள். குறை ஏதாவது இருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. கடைக்காரர் எப்படியும் கண்டுபிடிப்பார். மறைத்தது தெரிந்தால் மற்ற எதையும் நம்பமாட்டார்.

மேடைக்கு எந்த மாதிரி?

இங்கே கொஞ்சம் நின்று விஷயத்தைப் புரிந்துகொள்ளவேண்டும், ஏனென்றால் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

ஊளை ஏன் வருகிறது? ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் கிட்டாரின் மேல் பலகையை அதிரவைக்கிறது. அந்த அதிர்வைப் பிக்கப் எடுத்துத் திரும்ப ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அது இன்னும் அதிகமாக அதிரவைக்கிறது. இப்படியே சுற்றிச் சுற்றி ஏறும். எந்தக் கிட்டாருக்கும் தானாக அதிர விரும்பும் சுருதிகள் சில உண்டு. பெரிய உடல் கொண்ட டிரெட்நாட் கிட்டாரில் அந்த முதல் அதிர்வு 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வரும். தடித்த கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் இருக்கும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். அதனால்தான் ஜி கார்டு அடிக்கும்போதெல்லாம் மேடை உறுமுகிறது. வீட்டில் நாம் ரசிக்கும் அந்த ஆழ்ந்த அடிச்சத்தம்தான் மேடையில் தொல்லையாகிறது.

இதிலிருந்து தேர்வு தானாகத் தெளிவாகும். தனியாகவோ ஒரு பாடகரோடோ அமைதியான இடத்தில் வாசிப்பவர் என்றால், முழு அளவு உடலும் நல்ல பிக்கப்பும் கொண்ட சாதாரண எலக்ட்ரோ அக்கூஸ்டிக் போதும். டிரம்ஸ், கீபோர்டு, பேஸ் என்று முழுக் குழுவோடு வாசிப்பவருக்கு மெல்லிய உடல் நல்லது. யமஹா 1987இலேயே ஏபிஎக்ஸ் என்ற வரிசையை மேடைக்கென்று மெல்லிய உடலோடு கொண்டுவந்தது. உடலில் காற்று குறைவு, அடிச்சத்தம் குறைவு, ஊளையும் குறைவு. அறையில் வாசித்தால் கொஞ்சம் ஒல்லியாகத்தான் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று வைத்துவிடாதீர்கள். பேஸ் கிட்டார் இருக்கும் குழுவில் அந்த அடிச்சத்தம் உங்களுக்குத் தேவையே இல்லை.

சத்தம் மிக அதிகமான மேடையில், திருவிழாக் கச்சேரி மாதிரி, தொடர்ந்து வாசிக்கப்போகிறவர்கள் உடலே இல்லாத, சட்டம் மட்டும் உள்ள சைலன்ட் வகையையும் யோசிக்கலாம். யமஹாவின் சைலன்ட் கிட்டார் அந்த மாதிரி. ஊளைத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் கரண்ட் இல்லாமல் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து வாசிக்க அதனால் பயனில்லை. ஒரே ஒரு கிட்டார்தான் வீட்டில் இருக்கும் என்றால் அதை நான் சொல்லமாட்டேன்.

மேடைக்கு எடுப்பதில் சாலிட் டாப் வேண்டுமா என்று கேட்பவர்கள் அதிகம். ஸ்பீக்கர் வழியாகப் போகும்போது அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். பீசோ பிக்கப் சேடிலின் அழுத்தத்தைத்தான் எடுக்கிறது, காற்றில் கிளம்பும் ஒலியை அல்ல. அது மட்டுமில்லாமல் ஒட்டுப்பலகை ஈரத்துக்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது. கடற்கரை ஊரில் ஊர் ஊராகப் போய் வாசிக்கும் கிட்டாருக்கு ஒட்டுப்பலகை குறையே அல்ல. அந்தப் பணத்தை நல்ல பிக்கப்பில் போடுங்கள்.

உடலில் ஓரம் வெட்டிய கட்டவே வடிவம், இரண்டு பக்கமும் ஸ்ட்ராப் மாட்டும் பட்டன், கிட்டாரிலேயே இருக்கும் ட்யூனர், பேஸ், மிடில், டிரெபிள் தனித்தனியாகத் திருகும் வசதி ஆகியவை இருக்கட்டும். இன்னொரு சின்னப் பொத்தானைத் தேடுங்கள்: ஃபேஸ், அதாவது ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்புவது. ஊளை வரும்போது அதை மாற்றி அழுத்தினாலே சில சமயம் நின்றுவிடும். ட்யூனரும் வால்யூமும் மட்டும் உள்ள மாடல்கள் விலையில் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் மேடையில் கையைக் கட்டிப்போட்டுவிடும்.

விலை பேசும் வரிசை

இதில் வரிசைதான் முக்கியம். கடைக்குள் நுழைந்ததும் பழைய கிட்டாரைக் காட்டாதீர்கள். முதலில் புதுக் கிட்டாரைப் பார்த்து, சோதித்து, 'ரொக்கமாக எடுத்தால் கடைசி விலை என்ன?' என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதற்குப் பிறகு, 'என்னிடம் ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்வீர்களா?' என்று கேளுங்கள்.

ஏன் என்று ஒரு கணக்கில் பாருங்கள். ஒரு கடை புதுசுக்கு 18,000 சொல்லி, உங்கள் பழையதுக்கு 5,000 தருகிறேன் என்கிறது. இன்னொரு கடை அதே மாடலை 15,500 சொல்லி, பழையதுக்கு 3,500தான் என்கிறது. கேட்கும்போது முதல் கடைதான் தாராளமாகத் தெரியும். ஆனால் அங்கே உங்கள் கையிலிருந்து போவது 13,000, இரண்டாவது கடையில் 12,000. பழைய கிட்டாருக்கு எவ்வளவு மதித்தார்கள் என்பதில் மனசு போய்விடும். அது இயல்பு, அதோடு நமக்கு எத்தனையோ நினைவு இருக்கும். ஆனாலும் கையிலிருந்து போகும் தொகையை மட்டும் பாருங்கள்.

கடைக்காரர் தரும் தொகை வெளியில் நேரடியாக விற்றால் கிடைப்பதை விடக் குறைவாகத்தான் இருக்கும். அவர் அதைச் சரிசெய்து, வைத்திருந்து, லாபத்தோடு விற்கவேண்டும். அது நியாயம்தான். வித்தியாசம் பெரிதாக இருந்தால் நீங்களே விற்றுப் பாருங்கள். சர்ச் குழு, கல்லூரி வாட்ஸ்அப் குழு, பாட்டு வகுப்பு நடத்தும் மாஸ்டர் ஆகியோரிடம் சொல்லி வைத்தாலே பாதி வேலை முடியும். ஓஎல்எக்ஸ் மாதிரி இடத்தில் போட்டால் ஒன்றை மறக்காதீர்கள்: பணம் வாங்குவதற்கு நீங்கள் எந்த க்யூஆர் கோடையும் ஸ்கேன் செய்யவேண்டியதில்லை, யுபிஐ பின்னைப் போடவேண்டியதில்லை. போடச் சொன்னால் அது மோசடி. ஆள் நேரில் வந்து, வாசித்துப் பார்த்து, பணம் உங்கள் கணக்கில் ஏறியதை உங்கள் செயலியில் பார்த்தபிறகு கொடுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் எல்லாக் கடையிலும் கிடையாது. புதுச்சேரியில் கேட்டுப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் சென்னை. கடலூரிலிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரத்துக்குள், சென்னை என்றால் ஈசிஆரில் ஒரு முழு நாள் போய்விடும். அண்ணா சாலையில் 1842இலிருந்து இருக்கும் மியூசி மியூசிகல் மாதிரி பழைய பெரிய கடைகளில் ஒரே இடத்தில் நிறையக் கருவிகளைப் பார்க்கலாம் என்பது அந்தப் பயணத்துக்கு உண்மையான காரணம். எந்தக் கடையாக இருந்தாலும் முதலில் போன் செய்து, பழைய கிட்டாரின் முன்பக்கம், பின்பக்கம், பிரிட்ஜ், தலைப்பகுதி, உள்ளே ஒட்டியிருக்கும் லேபிள் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பி, தோராயமாக எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

பஸ்ஸில் கொண்டுபோகும்போது அடியில் இருக்கும் லக்கேஜ் அறையில் போடவேண்டாம். அந்த வெக்கையில் பசை இளகும். கம்பிகளை ஒரு சுருதி இறக்கி, கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமில்லாத நேரத்துப் பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் கண்டக்டரும் ஒன்றும் சொல்லமாட்டார்.

விலையில் இனி இறங்கமாட்டார் என்று தெரிந்ததும் பணத்தை விட்டுவிட்டு, கூடவே என்ன கிடைக்கும் என்று பேசுங்கள். பை, கேபிள், ஒரு செட் கம்பி எல்லாம் கேட்கலாம். நான் கேட்கச் சொல்வது செட்டப். கம்பி உயரம், நெக், சேடில் மூன்றையும் உங்கள் கைக்கு ஏற்றபடி சரிசெய்து தருவது. கடையில் வேலை தெரிந்தவர் இருந்தால் அதற்கு மேல் பெரிய இலவசம் எதுவும் இல்லை.

கடையில் சோதிப்பது

உங்கள் பழைய கிட்டாரும், முடிந்தால் நீங்கள் மேடையில் பயன்படுத்தப்போகும் கேபிளும், காது நன்றாக இருக்கும் ஒரு நண்பரும் கூட வரட்டும். பள்ளி விடுமுறை, பண்டிகைச் சமயம், சனிக்கிழமை சாயங்காலம் தவிர்த்து, வார நாளில் காலையில் போனால் கடைக்காரர் நேரம் கொடுப்பார்.

முதலில் நின்றுகொண்டு வாசியுங்கள். ஸ்ட்ராப் மாட்டி, மேடையில் நிற்கிற மாதிரி. உட்கார்ந்து வாசிக்கும்போது கைக்கு அடங்குவது நின்றதும் மாறிவிடும். சில கிட்டார்களில் கையை எடுத்தால் தலைப்பக்கம் கீழே சாயும், இடது கை தாங்கியே ஓய்ந்துபோகும். எல்லா ஃபிரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக மீட்டுங்கள். எங்காவது 'ஸ்ஸ்' என்று இரைகிறதா, ஸ்வரம் செத்துப்போகிறதா என்று கேளுங்கள். அப்புறம் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே இடத்தை அழுத்தி மீட்டுவதும் ட்யூனரில் ஒரே ஸ்வரமாகக் காட்டவேண்டும். வித்தியாசம் தெரிந்தால் மேல் ஃபிரெட்களில் கார்டு சுருதி சேராது.

இனி ஜாக்கைச் செருகுங்கள். அக்கூஸ்டிக் ஆம்ப் அல்லது மேடையில் வைக்கும் சாதாரண பிஏ ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் ஸ்பீக்கர் உச்சஸ்தாயி ஒலியை வெட்டிவிடும், எந்த அக்கூஸ்டிக்கும் அதில் மங்கலாகத்தான் கேட்கும். எதிரொலி, ரிவெர்ப் எல்லாவற்றையும் அணைத்து, கிட்டாரிலும் ஆம்பிலும் எல்லாத் திருகையும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். ரிவெர்ப் இருந்தால் மோசமான பிக்கப்பும் இனிக்கும்.

ஆறு கம்பியையும் ஒரே பலத்தில் மீட்டுங்கள். ஒன்று மட்டும் பாய்ந்து வந்தாலோ, ஒன்று மட்டும் பின்தங்கினாலோ சேடில் பிக்கப்பின் மேல் சரியாக உட்காரவில்லை. புதுக் கிட்டாரிலும் இது வரும். 'வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும்' என்று சொன்னால் ஏற்கவேண்டாம்; அங்கேயே சரிசெய்து தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு பீஸ் கேளுங்கள். பிறகு வேகமாக, பலமாக ஸ்ட்ரம் செய்யுங்கள். மட்டமான பீசோ பிக்கப் இந்த இடத்தில் தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கும். மெதுவாக விரலால் மீட்டும்போது நன்றாக இருந்ததே என்று ஏமாறவேண்டாம், நம் மெல்லிசைப் பாட்டுகளில் பாதி நேரம் ஸ்ட்ரம்தான்.

அடுத்தது பலரும் செய்யாத சோதனை. கிட்டாரை ஆம்புக்கு நேராக, ஒரு மீட்டர் தூரத்தில் பிடித்துக்கொண்டு, கம்பிகளைக் கையால் மூடி, சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ஊளை தொடங்குகிறது என்று பாருங்கள். அதே இடத்தில், அதே அளவில், இரண்டு மூன்று மாடல்களை வைத்துப் பார்த்தால் எது உங்கள் மேடைக்கு ஆகும் என்று தானே தெரிந்துவிடும். ஊளை வந்ததும் பேஸைக் குறைத்து, ஃபேஸ் பொத்தானை அழுத்தி, எவ்வளவு அடங்குகிறது என்றும் பாருங்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் வேண்டாம்.

அதன்பின் கிட்டாரை நண்பரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கடையின் இன்னொரு மூலைக்குப் போங்கள். வாசிப்பவரின் காதுக்கு மரத்தின் சத்தமும் சேர்ந்தே வரும். எட்ட நிற்பவருக்கு ஸ்பீக்கர் மட்டும்தான். கூட்டம் கேட்கப்போவது அதைத்தான். முடிவை அங்கே நின்று எடுங்கள், கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு அல்ல. நண்பர் வாசிக்கும்போது நீங்கள் பாடுபவராக இருந்தால் கூடவே பாடிப் பாருங்கள். உங்கள் குரலோடு மோதும் கிட்டாரும் உண்டு, இடம் விடும் கிட்டாரும் உண்டு.

மின்சாரப் பகுதிக்குச் சில நிமிடம் ஒதுக்குங்கள். ஜாக்கை லேசாக அசைத்தால் கரகரக்கக்கூடாது. ஒவ்வொரு திருகையும் முழுதாகத் திருப்பும்போது 'கர்' என்ற சத்தம் வரக்கூடாது. பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பச்சைக் களிம்பு, வெள்ளைப் பொடி இருந்தால் அந்தக் கிட்டார் நெடுநாள் கடையில் தூங்கியிருக்கிறது. 9 வோல்ட் பேட்டரியா, சின்னக் காசு பேட்டரியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 9 வோல்ட் எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்னால் அது பெரிய நிம்மதி.

எல்லாம் சரி என்று ஆனபிறகுதான் பழைய கிட்டாரைக் கைமாற்றுங்கள். பில்லில் மாடல் பெயர், சீரியல் எண், புதுசின் விலை, பழையதுக்குக் கழித்த தொகை, வாரண்டி, குறை இருந்தால் எத்தனை நாளுக்குள் திரும்பக் கொண்டுவரலாம் என்பது எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கட்டும். பழைய கிட்டாரின் பையில் கேப்போ, பிக், பாட்டு எழுதிய தாள் எதுவும் விட்டுப்போகவில்லை என்று ஒரு முறை கையை விட்டுப் பாருங்கள்.

கடற்காற்றுக்கு ஏற்ற பராமரிப்பு

கிட்டாருக்கு வசதியான ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். நம் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேல்தான், ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், கம்பி உயரம் ஏறும். கெட்டியான பெட்டியில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு மூடி வைப்பதுதான் எளிய வழி. பாக்கெட் நிறம் மாறியதும் புதுசு போடுங்கள். அழகுக்காகச் சுவரில் மாட்டி வைக்கவேண்டாம், அதுவும் கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கம்பிகளில் மேல்பூச்சு உள்ள வகை விலை அதிகம்தான், ஆனால் உப்புக்காற்றில் பல மடங்கு தாக்குப்பிடிக்கும். கடற்கரைச் சாலையிலோ சில்வர் பீச்சிலோ திறந்த மேடையில் வாசித்த இரவு, எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கம்பி, பிரிட்ஜ், ஜாக் துளையின் வாய் எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத் தூங்குங்கள். ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் பெட்டியைத் திறக்கவேண்டாம். குளிர்ந்த மரத்தின் மேல் நீர் பூக்கும். கொஞ்ச நேரம் மூடியே இருக்கட்டும்.

முதல் மேடைக்கு முன்

புதுக் கிட்டாரோடு நேராக நிகழ்ச்சிக்குப் போகாதீர்கள். குழுவின் ஒத்திகை ஒன்றிலாவது ஸ்பீக்கரில் போட்டு வாசித்திருக்கவேண்டும். ஒரு டிஐ பாக்ஸ் வாங்க முடிந்தால் வாங்குங்கள். சாதாரண கிட்டார் கேபிள் ஆறு மீட்டரைத் தாண்டினால் இரைச்சலும் மங்கலும் சேரும். சர்ச்சிலும் மண்டபத்திலும் மிக்ஸர் கடைசி வரிசையில் இருக்கும். டிஐ பாக்ஸ் கிட்டாரின் ஒலியை மைக் கேபிளில் நெடுந்தூரம் சுத்தமாகக் கொண்டுபோகும். அது பேட்டரியில் ஓடாத வகை என்றால் மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் ஃபேண்டம் பவர் தேவையா என்று பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். வட்டத் துளையை மூடும் ரப்பர் மூடியும் ஒன்று பையில் இருக்கட்டும். பார்க்கக் கொஞ்சம் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தாலும் ஊளையை அது அடக்கும் அளவுக்கு வேறு எந்தச் சின்னப் பொருளும் அடக்காது.

சவுண்ட் செக்கில் மைக் செட் அண்ணனிடம் மரியாதையாக மூன்று விஷயம் சொல்லுங்கள்: 'அண்ணே, கிட்டார் லைன்ல வருது, மைக் வேண்டாம். பேஸ் கொஞ்சம் குறைச்சு ஆரம்பிங்க. மானிட்டர்ல என் குரலை விட கிட்டார் கம்மியா இருக்கட்டும்.' இவ்வளவு சொன்னாலே அவர் உங்களைத் தெரிந்த ஆளாக நடத்துவார். மானிட்டரை, அதாவது உங்களுக்குக் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கரை, நேராகப் பார்த்து நிற்காமல் கொஞ்சம் சாய்வாக நில்லுங்கள்.

நிகழ்ச்சி அன்று புது பேட்டரி போடுங்கள், இன்னொன்று சட்டைப்பையில். கேபிளைக் கழற்றும் முன் சேனலை ம்யூட் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கூட்டத்தின் காதில் 'டப்' என்று வெடிக்கும். வாசித்து முடித்ததும் ஜாக்கை உருவிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ஜாக் செருகியிருக்கும் வரை உள்ளே பிக்கப்பின் ஒலியைக் கூட்டும் ப்ரீஆம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கும், பேட்டரி வீணாகத் தீரும்.